ஊருணியைக் காக்க ஊர் கூடுவது எப்படி

உங்கள் ஊரில் ஓர் ஊருணி இருந்து, மழை பெய்தும் அதில் தண்ணீர் சேரவில்லை என்றாலோ, சேர்ந்த தண்ணீரில் கால் நனைக்கவே மனம் வரவில்லை என்றாலோ, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதை எழுதுகிறேன். நான் சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் நடுவே இருக்கும் ஒரு சிற்றூரில் வாழ்கிறேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊருணிக் குழுவின் நோட்டுப் புத்தகம் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வயலுக்குக் கண்மாய், வீட்டுக்கு ஊருணி என்று தனித்தனியே வைத்திருந்தார்கள். வற்றாத ஆறு எதுவும் இல்லாத, வானம் பார்த்த பூமி இது. செட்டிநாட்டு ஊர்களில் தெருக்களின் வாட்டமே மழைநீரை ஊருணிக்குக் கொண்டுபோகும்படி அமைந்திருப்பதை இன்றும் காணலாம். குழாயில் தண்ணீர் வந்த பிறகு ஊருணியை மறந்துவிட்டோம். ஆனால் நம் கிணறும் ஆழ்குழாயும் அதை மறக்கவில்லை. ஊருணி நிரம்பிய ஆண்டில் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் மேலே நிற்கிறது, வறண்ட ஆண்டில் மோட்டார் காற்றை இழுக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருணி என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது பொக்லைனைக் கொண்டுவந்து தூர்வாருவதுதான். அதைத் தள்ளிப் போடுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீரைக் கவனியுங்கள், அளந்து எழுதுங்கள், எழுதியதை ஊரே பார்க்கும் இடத்தில் வையுங்கள். குப்பை, கழிவுநீர், ஆக்கிரமிப்பு, மரம் என மற்ற வேலைகள் எல்லாம் அந்த அளவிலிருந்துதான் ஒழுங்காகப் பிறக்கும்.

வரத்துக்காலில் நடந்து பாருங்கள்

ஆடி மாதம் தொடங்குவதற்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் இருக்கும். தரை காய்ந்திருக்கும், எங்கும் கால் வைத்து நடக்கலாம்.

ஊருணிக் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்காமல், தண்ணீர் வரும் வழியே எதிர்த்திசையில் நடங்கள். மடையில் தொடங்கி, ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு, மேட்டு நிலம் வரை போக வேண்டும். உங்களோடு ஒரு முதியவர் கட்டாயம் வேண்டும். ஆடு மேய்த்தவராகவோ முன்பு நீர்க்கட்டியாக (கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து பங்கிடுபவர்) இருந்தவராகவோ இருந்தால் மிகவும் நல்லது. எங்களோடு வந்த தாத்தாவுக்குக் கண் பார்வை மங்கல்தான். ஆனாலும் ஒரு பெட்டிக்கடைக்கு முன்னால் நின்று, "இந்தக் கடைக்குக் கீழேதான், ஆத்தா, வரத்துக்கால் போகிறது" என்றார். சிமென்ட் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது கல் கட்டிய பழைய கால்வாய் மண் மூடிக் கிடந்தது. அதுவரை அங்கே கால்வாய் இருந்தது என்பதை எங்களில் யாரும் அறிந்திருக்கவில்லை.

நடக்கும்போது ஒரு தாளில் கோடு போட்டு இவற்றைக் குறியுங்கள்: கால்வாய் அடைபட்ட இடம், சாலை குறுக்கே போகும் இடத்தில் குழாய் இருக்கிறதா இல்லையா என்பது, வீட்டுக் கழிவுநீர் வந்து சேரும் இடங்கள், குப்பை கொட்டும் இடங்கள், கட்டட இடிபாடு கொட்டிய இடங்கள், சீமைக் கருவேல் மண்டிய இடங்கள். சாலையை உயர்த்திப் போடும்போது அடியில் இருந்த குழாய் புதைந்துபோவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதை மட்டும் தனியாகச் சிவப்பு மையில் குறியுங்கள். பல ஊருணிகள் வறண்டு கிடப்பதற்கு அந்த ஒரு குழாய்தான் காரணம்.

மழை பெய்யும்போது இன்னொரு முறை நடக்க வேண்டும். குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், வரைபடத்தில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் எங்கே நின்று, எங்கே திரும்பி, யார் வீட்டு வாசலில் புகுந்து வேறு பக்கம் ஓடுகிறது என்பது மழையில் மட்டும்தான் புரியும். இடி மின்னல் இருக்கும் நேரத்தில் வெட்டவெளிக்குப் போகாதீர்கள்.

நடையை முடித்ததும் ஆவணங்களைப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணைய சேவைத் தளத்தில் உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டைப் புல எண் கொடுத்துப் பார்க்கலாம். ஊருணியும் வாய்க்காலும் அரசுப் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும், பரப்பும் இருக்கும். புல வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருணி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கிராமத்து ஊருணிகள் பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு, நகரத்தில் நகராட்சி அல்லது பேரூராட்சி, கோயில் குளம் என்றால் அறநிலையத் துறை. கண்மாய்களில் 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்பு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு பல மாதம் மேசையிலேயே கிடக்கும்.

அளவுப் பலகை

எங்கள் குழு செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பேருந்து நிறுத்தத்தின் அருகில் இருக்கும் டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினோம். அதில் நான்கு வரிகள்: நேற்றைய மழை, ஊருணியில் மூழ்கியிருக்கும் படிகள், கிணற்று நீர்மட்டம், அளந்தவர் பெயர். மழையை அன்றன்றும், மற்றவற்றை ஞாயிறுதோறும் எழுத வேண்டும். இவ்வளவுதான். ஆனால் டீ குடிக்க நிற்பவர் எல்லோரும் அதைப் படிப்பார்கள். "போன வாரம் ஏழு படி, இந்த வாரம் ஐந்தரைதானா, தண்ணீர் எங்கே போனது?" என்று ஒருவர் கேட்டதும் பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பேச்சைத் துண்டறிக்கையால் உருவாக்க முடியாது.

மழை அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக, நேராக நிற்கும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஜாடி போதும். அகலம் எதுவானாலும் உள்ளே நிற்கும் நீரின் உயரம்தான் மழையளவு. ஜாடியின் அடி மேடுபள்ளமாக இருந்தால், மேடு மறையும்வரை தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டுங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், மண் தெறிக்காதபடி பொருத்துங்கள். பக்கத்தில் உள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளக்கிறது. நீங்களும் அதே நேரத்தில் அளந்தால், செய்தித்தாளில் வரும் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளந்ததும் ஜாடியைப் பூஜ்யக் குறி வரை காலிசெய்ய மறக்கக் கூடாது.

ஊருணி நீர்மட்டத்துக்குப் படித்துறையே அளவுகோல். ஒரு படியின் உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு, எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணினால் போதும். படித்துறை இல்லாத இடத்தில், கோடையில் ஊருணி காய்ந்திருக்கும்போது ஆழமான இடத்தில் ஒரு கல்தூணை நட்டு, பத்துப் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு போட்டுவிடுங்கள்.

கிணற்றுக்கு, ஊருணியைச் சுற்றி மூன்று நான்கு திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று கரைக்கு மிக அருகில், ஒன்று ஊர்க் கோடியில் இருக்கட்டும். கயிற்றில் எடை கட்டி, கைப்பிடிச் சுவரின் ஒரே இடத்திலிருந்து நீர்ப்பரப்பு வரை இறக்கி அளக்க வேண்டும். மோட்டார் ஓடுவதற்கு முன், அதிகாலையில் அளப்பது முக்கியம். இறைத்த பிறகு அளந்தால் அந்த அளவுக்குப் பொருளே இல்லை.

இந்த எண்களை வைத்து என்ன செய்வது? ஊர்க்கூட்டத்தில் நான் சொல்லும் கணக்கு இது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஒரே இரவில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது 40,000 லிட்டருக்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்கு வழிந்து வந்தாலும் ஒரு பெரிய டேங்கர் லாரி தண்ணீர். தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல், அதில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதங்களில் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் அந்த ஆண்டு முழுவதும் போயிற்று. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் தங்கள் கொல்லையின் பரப்பை மனத்துக்குள் பெருக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. கோடையில் வெயிலுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஆறிலிருந்து எட்டு மில்லிமீட்டர் வரை ஆவியாகும். யாரும் இறைக்காத நாட்களில் ஊருணி அதைவிட வேகமாக இறங்கினால், மிச்சம் நிலத்துக்குள் போகிறது என்று பொருள். கிணற்று அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊருணியிலிருந்து இறங்கும் நீர் எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்பது இரண்டு கோடைகளில் தெளிவாகத் தெரிந்துவிடும். அந்தக் கிணற்றுக்காரர் அதன் பிறகு நீங்கள் அழைக்காமலே மண்வெட்டியோடு வருவார்.

குழுவில் யார் யார்

ஆர்வமுள்ள இளைஞர்கள் நால்வரை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினால், அவர்கள் வேலைக்காகத் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போனதும் குழு நின்றுவிடும். ஊரிலேயே இருப்பவர்கள் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருவர், ஆடு மாடு வைத்திருப்பவர் ஒருவர், டீக்கடைக்காரர், மீன் குத்தகை எடுப்பவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், ஊராட்சியின் தூய்மைக் காவலர் ஒருவர். தூய்மைக் காவலரைக் கூலியாளாக அல்லாமல் உறுப்பினராக உட்கார வையுங்கள். எந்த வீட்டிலிருந்து எந்தக் குப்பை வருகிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் அக்கா ஒருவர் சொன்ன ஒரு யோசனையால்தான் பந்தல் சாப்பாட்டுக் கழிவு ஊருணிக்கு வருவது நின்றது. பந்தல் போடுபவரிடமே இரண்டு பெரிய தொட்டிகளைக் கொடுத்துவிடச் சொன்னார், அவ்வளவுதான்.

எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஊருணிகள் பலவற்றில் யார் எந்தத் துறையில் இறங்கலாம், யார் இறங்கவே கூடாது என்று சாதியால் பிரித்து வைத்திருந்த வரலாறு நெடியது. அந்த நினைவு ஒரு தலைமுறையில் போய்விடாது. குழு ஒரே தெருவின் குழுவாக இருந்தால், நீங்கள் மீட்பது அந்தத் தெருவின் ஊருணியைத்தான். முதல் கூட்டத்தை இதுவரை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தெருவில் நடத்துங்கள். பலகையில் எழுதும் முறையும் தெருவாரியாகச் சுற்றி வரட்டும்.

பணம் பற்றி ஒரே விதி: குழு கையில் ரொக்கம் வாங்கக் கூடாது. கொடுக்க விரும்புபவர் பொருளாகக் கொடுக்கட்டும். மண்வெட்டி, கடப்பாரை, கையுறை, கல், ஒரு நாள் டிராக்டர், மதியச் சாப்பாடு எதுவாகவும் இருக்கலாம். வந்ததை அன்றே நோட்டில் எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

புரட்டாசிக்குள் முடிக்க வேண்டியவை

ஆவணியிலும் புரட்டாசியிலும் வரத்துக்காலைச் சுத்தம் செய்ய வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்துவிடுங்கள், வெயில் ஏறிய பிறகு வேலை ஓடாது. கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கும் என்பதால் கையுறையும் மூடிய காலணியும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். புதரில் கை வைப்பதற்கு முன் நீண்ட கம்பால் தட்டிப் பாம்பை விலகவிடுங்கள். கால்வாயைத் தோண்டும்போது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே வாட்டம் வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் ஆழமாக வெட்டிவிட்டால் அங்கே தண்ணீர் தேங்கிக் கொசு வளரும்.

தண்ணீர் ஊருணிக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால், இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு குழி வெட்டிக் கல் பதியுங்கள். ஓடி வரும் நீர் அங்கே வேகம் குறைந்து மணலையும் மண்ணையும் இறக்கிவிட்டுப் போகும். குழிக்கு முன் ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு வைத்தால் பாட்டிலும் பையும் நிற்கும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அந்தக் குழியையும் தடுப்பையும் சுத்தம் செய்ய ஆள் பெயரைப் பலகையிலேயே எழுதி வையுங்கள். இதை விட்டுவிட்டால் தடுப்பே அடைப்பாகிவிடும்.

கழிவுநீரைப் பொறுத்தவரை, கால்வாயில் விடும் வீடுகளோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லாததால்தான் விடுகிறார்கள். குளிக்கும் நீருக்கும் பாத்திரம் கழுவும் நீருக்கும் ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் உறிஞ்சு குழி எடுத்து, அடியில் பெரிய கல், மேலே சிறிய கல், செங்கல் துண்டு என நிரப்பினால் ஒரு சிறு குடும்பத்துக்குப் போதும். மண் களியாக இருந்தால் குழி இன்னும் பெரிதாக வேண்டும். குழிக்கு முன் ஒரு சிறு தொட்டி வைத்துச் சோற்றுப் பருக்கையையும் எண்ணெயையும் நிறுத்துங்கள். குடிநீர்க் கிணற்றின் பக்கத்தில் குழி எடுக்கக் கூடாது. முதல் குழியைக் குழு உறுப்பினர் வீட்டில் எடுங்கள். ஒரு மழைக்காலம் அது நன்றாக வேலை செய்வதைப் பார்த்தால் பக்கத்து வீடு கேட்டு வரும். கழிப்பறைக் கழிவு கால்வாயில் கலக்கிறது என்றால் அது வேறு வகை. அதை ஊராட்சிக்கு எழுத்தில் கொடுத்து, விடாமல் தொடர வேண்டும்.

மக்கும் குப்பைக்கு, வரத்துக்கால் ஓரத்து வீடுகளில் மட்டும் முதலில் உரக்குழி போடுங்கள். காய்கறிக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு பங்கு, நடுநடுவே ஒரு கை சாணக் கரைசல் அல்லது பழைய உரம். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது, சருகு சேர்க்க வேண்டும். ஒன்றுமே நடக்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. பெண்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் அந்த உரத்தைப் போட்டுப் பார்த்த பிறகு குப்பை வெளியே போகவே போகாது. பிளாஸ்டிக்குக்கு இந்த வழி இல்லை. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. கம்பித் தடுப்பில் சிக்கியவற்றை மாதம் ஒருமுறை தரம் பிரித்து, எந்தப் பொருள் மிகுதி என்று பலகையில் எழுதுங்கள். எங்களிடம் மிகுதியாகச் சிக்கியது டீ வாங்கிப் போகும் பைகள். டீக்கடை அண்ணன் தம் கடைச் சுவரிலேயே அதைப் படித்துவிட்டு, தூக்குவாளி கொண்டுவருபவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றத் தொடங்கினார்.

தூர்வாருவது

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளந்த பிறகு இதற்கு வாருங்கள். ஊருணி காய்ந்திருக்கும் பங்குனி முதல் வைகாசி வரை உகந்த காலம். மேலே படிந்திருக்கும் கரம்பையை, அதாவது வண்டல் மண்ணை மட்டும்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கீழே நம் முன்னோர் இறுக்கிய அல்லது இயற்கையாகவே அமைந்த களிமண் அடுக்கு இருக்கும். ஆழம் ஆழம் என்று பொக்லைன் அதை உடைத்துவிட்டால் ஊருணி நீரைப் பிடித்து வைக்காது. எனவே பல இடங்களில் சிறு சோதனைக் குழி வெட்டி, மண்ணின் நிறமும் பிசுக்கும் எந்த ஆழத்தில் மாறுகிறது என்று பார்த்து அளவு குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓடும்போது குழுவில் ஒருவர் எப்போதும் அங்கே நிற்க வேண்டும். கரை ஓரத்தைச் செங்குத்தாக வெட்டவிடாமல் சரிவாக வெட்டச் சொல்லுங்கள். செங்குத்துக் கரை சரிந்துவிடும், உள்ளே விழுந்த குழந்தையோ கன்றுக்குட்டியோ ஏற முடியாது.

அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்கூட வெளியே போகக் கூடாது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் மண்ணைக் கட்டணம் இல்லாமல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் முறை 2024 முதல் இருக்கிறது. கரம்பை புஞ்சை நிலத்துக்குப் பொன் போன்றது, கேட்பதற்கு ஆள் வருவார்கள். தூர்வாரும் பெயரில் அடியில் உள்ள சவுடு மண்ணை லாரியில் ஏற்றி விற்க முயல்பவர்களும் வருவார்கள். டிராக்டர் நடைகளை எண்ணி அதே பலகையில் எழுதுவதுதான் எங்களுக்கு உதவிய காவல்.

சீமைக் கருவேலை வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். மழைக்குப் பின் ஈரம் இருக்கும்போது சிறு செடிகள் கையோடு வரும், பெரிய மரத்துக்கு இயந்திரம் வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அப்படியே, கரையில் போட்டுக் காயவைக்காவிட்டால் திரும்ப நீருக்குள் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்துவிடவும் கூடாது. நாமக்கோழியும் முக்குளிப்பானும் கூடு வைக்கும் கோரையையும் சம்புப் புல்லையும் ஒரு மூலையில் விட்டுவிடுங்கள்.

மரமும் மீனும்

கரையின் வெளிச் சரிவில் பனை, அதற்கு அப்பால் நீர்மருது, புங்கை, நாவல், இலுப்பை, வேம்பு. உட்சரிவில் மரம் வேண்டாம், வெட்டிவேர் போதும், மண்ணை நன்கு பிடிக்கும். பனைக்கு ஆவணி புரட்டாசியில் கீழே விழுந்த பழங்களின் கொட்டையைச் சேகரித்து, பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்துவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை. மற்ற கன்றுகளுக்கு இரண்டு கோடைக்காவது தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று பெயர் எழுதாமல் நடாதீர்கள். எத்தனை பேர் பெயர் கொடுக்கிறார்களோ அத்தனை கன்று போதும்.

மீன் குத்தகையில் விடும்போது ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது என்று நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். அதை வளர்ப்பதற்கு நாட்டில் தடை இருக்கிறது, அது மற்ற மீனை எல்லாம் தின்றுவிடும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று எல்லா நீர்நிலையிலும் நிறைந்திருக்கிறது. அதை இனி ஒழிக்க முடியாது, ஆனால் பிடித்து உண்ணலாம். மீன் பிடிப்பதற்காக ஊருணியை முழுவதுமாக இறைத்து வற்ற வைப்பதையும் குத்தகை நிபந்தனையிலேயே தடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு உரிய வேலை

பிள்ளைகளைக் குப்பை பொறுக்க விடாதீர்கள், தண்ணீரிலும் இறக்காதீர்கள். அவர்களுக்கு அளப்பதும் எண்ணுவதும் எழுதுவதும் பொருத்தம். பள்ளியில் தேசியப் பசுமைப் படை இருந்தால் அதன் பொறுப்பாசிரியரைப் பிடியுங்கள். நீரில் மலக்கிருமி கலந்திருக்கிறதா என்று காட்டும் சிறு சோதனைப் பாட்டில் ஒன்று உண்டு. நீரை ஊற்றி வைத்து இரண்டு நாளுக்குள் கறுப்பானால் அந்த நீர் குடிக்கத் தகாதது. என் மாணவிகள் அந்தப் பாட்டிலை வீட்டு ஜன்னலில் வைத்துக் காத்திருந்தபோது, பாடப் புத்தகத்தில் எத்தனை பக்கம் நடத்தியும் வராத அக்கறையை அவர்கள் முகத்தில் பார்த்தேன். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் குடிநீர்ச் சோதனைப் பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. உங்கள் ஊரில் பயிற்சி பெற்றவர்கள் யார் என்று ஊராட்சியில் கேட்டு, அவர்களையே ஆசிரியராக்குங்கள்.

பொங்கல் விடுமுறையில் பறவை எண்ணுங்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, யாரும் சேரலாம். ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று கண்டதைப் பெயரும் எண்ணிக்கையுமாக எழுதினால் போதும். எங்களுக்கு அருகிலேயே 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி இருக்கிறது. அங்கே வரும் நாரைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போய், அந்த ஊர்ப் பெரியவர்களோடு பேச விடுங்கள். நத்தைகுத்தி நாரை நம் ஊருணிக்கும் வரத் தொடங்கினால் அங்கே நத்தை இருக்கிறது, நீர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.

கிராம சபையில் வைக்க வேண்டியது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாட்கள் கிராம சபை கூடும். தலைவர் பதவி காலியாக இருந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சபை நடக்க வேண்டும். வாய்மொழியாகப் பேசிவிட்டு வந்தால் பயனில்லை. தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். "புல எண் இன்னது, பரப்பு இவ்வளவு கொண்ட ஊருணியின் வரத்துக்கால், இன்ன சாலையின் குறுக்கே அடைபட்டுள்ளது. அங்கே குழாய் பதித்துத் தருமாறும், ஊருணியையும் வரத்துக்காலையும் அளந்து எல்லைக் கல் நடுமாறும் இச்சபை தீர்மானிக்கிறது" என்பது போல ஒரு வேலை, ஓர் இடம், ஓர் அலுவலகம் மட்டும் இருக்கட்டும். பலகையின் அளவுகளை ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். தீர்மானப் பதிவேட்டில் எழுதியதை உங்கள் கண்ணால் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகலும் கேளுங்கள்.

ஆக்கிரமிப்பு இருக்கும் இடத்தில் குழு நேரடியாக இறங்கக் கூடாது. நில அளவையர் அளக்கட்டும், எல்லைக் கல்லை வருவாய்த் துறை நடட்டும். குளம் குட்டைகள் சமூகத்தின் பொதுச் சொத்து, அவற்றைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லியிருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனாலும் குடிசை போட்டு இருப்பவருக்கு மாற்று இடம் கேட்டு அதே மனுவில் எழுதுங்கள். அவரும் உங்கள் ஊர்க்காரர், அவர் வீட்டுப் பிள்ளையும் பலகையில் எழுத வருகிற பிள்ளை.

இரண்டாம் ஆண்டு

முதல் ஆண்டில் கூட்டம் வரும். இரண்டாம் ஆண்டில் பாதியாகும், அது இயல்பு. பலகையில் எழுதுவது மட்டும் ஒரு வாரமும் நிற்கக் கூடாது. எழுதுபவர் ஊரில் இல்லாத வாரத்துக்கு மாற்று ஆள் யார் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். பங்குனியில் ஒரு நாள் உட்கார்ந்து நோட்டைப் புரட்டி, இரண்டு ஆண்டுகளின் மழையையும் ஊருணி மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மழை குறைந்தும் ஊருணியில் கூடுதலாகத் தண்ணீர் நின்றிருந்தால் வரத்துக்கால் வேலை பலித்திருக்கிறது. மழை மிகுந்தும் நீர் குறைந்திருந்தால், ஆடியில் மறுபடியும் மடையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். எங்கோ ஓர் அடைப்பு புதிதாக வந்திருக்கிறது.

நோட்டுக்கு ஒரு நகல் எடுத்து ஊராட்சி அலுவலகத்திலும் இன்னொன்றைப் பள்ளி நூலகத்திலும் வைத்துவிடுங்கள். வரத்துக்காலின் மேல்பகுதி பக்கத்து ஊர் எல்லைக்குள் இருந்தால், மூன்றாவது நகலை அந்த ஊர்க்காரர்களிடம் கொடுத்து, அடுத்த ஆடி நடைக்கு அவர்களையும் அழையுங்கள்.